கடைமடைக் கரண்டில் ஒரு கேமிங் கணினி: நிகழ்வு ஆய்வு

புகார் இதுதான். கேம் போட்டுப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் திரை கறுத்து, கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. காலையில் அவ்வளவாக வருவதில்லை. விளக்கு வைத்த பிறகு ஆடினால் நிச்சயம் வரும். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் மூன்று மணி நேரம் ஓடவிட்டாலும் ஒன்றும் ஆவதில்லை. "கிராபிக்ஸ் கார்டு வீக் சார், வேற போட்டுருங்க" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

இடம் நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் இடைப்பட்ட ஒரு கிராமம். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் லைனில் கடைசிக் கம்பத்து வீடு. டெல்டாவில் திரும்பத் திரும்பப் பார்க்கும் கோளாறுகளை ஒரே வீட்டுக் கணினியின்மேல் ஏற்றிச் சொல்லும் ஆய்வு இது. இதில் வரும் அளவுகள் அப்படிப்பட்ட கணினியில் வழக்கமாகக் கிடைப்பவை.

கணினி 2014 காலத்தது. இன்டெல் கோர் ஐ5-4590, நாலு கோர், நாலு திரெட் (ஒரே நேரத்தில் நாலு வேலை). எச்81 சிப்செட் மதர்போர்டு, ஒரே ஸ்டிக்காக 8 ஜிபி டிடிஆர்3 ராம், 1 டிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. மானிட்டர் 18.5 அங்குலம், 1366×768, பின்னால் விஜிஏ மட்டும். கேபினட்டோடு சேர்ந்து வந்த எஸ்எம்பிஎஸ்ஸில் (வீட்டுக் கரண்டைக் கணினிக்கேற்ற டிசியாக மாற்றிக் கொடுக்கும் பெட்டி) பெரிய எழுத்தில் 450 வாட் என்று போட்டிருக்கிறது. பல வருடம் பள்ளிக்கூட ப்ராஜெக்டுக்கும் படம் பார்க்கவும் ஓடிய பெட்டி. வீட்டுப் பையன் கல்லூரி சேர்ந்ததும் ரிச்சி தெருவில் பழைய ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி கார்டு ஒன்றை வாங்கிவந்து சொருகினான். ஆடுவது கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2, ஜிடிஏ 5, வாலரன்ட். தொல்லை தொடங்கியதும் அன்றிலிருந்துதான். ஆகவே எல்லோருடைய விரலும் கார்டை நோக்கியே நீண்டது.

நிற்பது எது?

கணினி தானாக அணையும்போது முதலில் பார்க்க வேண்டியது விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவர். விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். அங்கே கெர்னல்-பவர் 41 என்ற பதிவைத் திறந்து, விவரத்தில் பக்செக் கோட் (விண்டோஸ் குறித்து வைக்கும் பிழை எண்) என்ன என்று பார்க்க வேண்டும். அது 0 என்றிருந்து, யாரும் ரீசெட் பட்டனைத் தொடவில்லை என்றால், விண்டோஸுக்கே விஷயம் தெரியவில்லை என்று பொருள். மின்சாரம் காலடியிலிருந்து உருவப்பட்டிருக்கிறது. கார்டின் டிரைவர் செத்திருந்தால் வேறு அடையாளம் இருக்கும்: திரை ஒரு கணம் கறுத்துத் திரும்பி வரும், 4101 என்ற எண்ணில் பதிவாகும். புளூ ஸ்கிரீன் என்றால் பக்செக் கோடில் எண் இருக்கும். இங்கே இருந்தது வரிசையாக 41, எல்லாவற்றிலும் 0, எல்லாமே மாலை ஆறரைக்கும் பத்துக்கும் நடுவில்.

நேரம்தான் துப்பு. மல்டிமீட்டரை ஏசி 750 வோல்ட் அளவில் வைத்து, கணினி சொருகும் பிளக் பாயின்டிலேயே அளந்தால் காலை பத்து மணிக்கு 226 வோல்ட், பகல் இரண்டுக்கு 214, இரவு ஏழரைக்கு 178. பக்கத்துக் கொல்லையில் மோட்டார் கிளம்பும் கணத்தில் 165 வரை இறங்கி ஏறுகிறது. மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கும். தண்ணீர் வந்து சேருமுன்பே குறுவை நாற்றங்காலுக்கு போர் மோட்டார்கள் ஓடத் தொடங்கிவிடும். மும்முனை வரும் நேரத்தில் எல்லா மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பும். அதன்மேல் வீடுகளின் மாலை நேர மிக்ஸி, கிரைண்டர், ஏசி. வாய்க்காலின் கடைமடைக்குத் தண்ணீர் எப்படி எட்டுகிறதோ அப்படித்தான் லைனின் கடைசிக் கம்பத்துக்கு வோல்டேஜ் எட்டுகிறது. "லைட் டிம்மா எரியுது" என்று வீட்டில் சொல்வது இதைத்தான். ஃபேன் மெதுவாகச் சுற்றிச் சமாளிக்கும். கணினிக்கு அந்தச் சலுகை கிடையாது.

காரணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறான பொருளுக்குப் பணம் போவது இந்த இடத்தில்தான். கணினி இழுக்கும் வாட் மாறாது. வோல்டேஜ் குறைந்தால் ஆம்பியர் கூடும். சுவரிலிருந்து 300 வாட் இழுக்கும் பெட்டி 230 வோல்ட்டில் 1.3 ஆம்பியர் எடுக்கும், 170 வோல்ட்டில் ஏறத்தாழ 1.8. பழைய வகை எஸ்எம்பிஎஸ் (பின்னால் 115/230 என்று சிவப்பு சுவிட்ச் உள்ளது) உள்ளே வரும் ஏசியை அப்படியே திருத்திப் பெரிய கெப்பாசிட்டர்களில் சேமிக்கிறது. 230 வோல்ட்டில் அங்கே ஏறக்குறைய 325 வோல்ட் டிசி நிற்கும், 170-இல் 240தான். கெப்பாசிட்டரில் தங்கும் ஆற்றல் வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப அமைவதால், சேமிப்பு பாதிக்குச் சற்றே மேல் என்று ஆகிவிடுகிறது. லைனில் ஒரு சின்ன இமைப்பைத் தாண்ட வைத்திருக்கும் கையிருப்பு அது. மோட்டார் கிளம்பும் கணத்தில் அது தீர்கிறது, 12 வோல்ட் சரிகிறது, மதர்போர்டு ரீசெட் ஆகிறது. அந்தச் சிவப்பு சுவிட்சை 115 பக்கம் தள்ளினால் லோ வோல்டேஜைச் சமாளிக்கும் என்று ஒரு கைவைத்தியம் உண்டு. கூடவே கூடாது. இரவு வோல்டேஜ் ஏறியதும் வெடிக்கும்.

இதோடு முடியவில்லை. 450 வாட் என்பது முகப்பு எழுத்து. பக்கவாட்டு லேபிளில் +12 வோல்ட்டுக்கு நேரே போட்டிருப்பது 16 ஆம்பியர். 12ஐ 16ஆல் பெருக்கினால் 192 வாட். கிராபிக்ஸ் கார்டும் சிபியுவும் உண்பது ஏறக்குறைய முழுக்க இந்த 12 வோல்ட்டைத்தான். மற்ற வோல்ட் வரிசைகளைக் கூட்டிக் காட்டித்தான் 450 வருகிறது. ஆர்எக்ஸ் 580 முழு வேகத்தில் 185 வாட், ஐ5-4590 அதிகபட்சம் 84, போர்டு, டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்து ஒரு 30. ஆக 300. 192 உள்ள இடத்தில் 300 கேட்டால் நல்ல வோல்டேஜிலேயே நொண்டும். கார்டுக்கு வேண்டிய 8 பின் கனெக்டர் அந்த எஸ்எம்பிஎஸ்ஸில் இல்லாததால் பழைய ஹார்டு டிஸ்க் கனெக்டரான மோலெக்ஸிலிருந்து மாற்றும் ஒயர் ஒன்றைப் போட்டிருந்தார்கள்; மஞ்சள் ஒயர் நுழையும் இடத்தில் வெள்ளை பிளாஸ்டிக் பழுத்து இளகியிருந்தது. 8 பின் கனெக்டரின் கணக்கு 150 வாட். அதை ஹார்டு டிஸ்க்குக்கு வைத்த இரண்டு ஒயர் சுமக்க முடியாது. ரீஸ்டார்ட் ஆனதே நல்லதாகப் போயிற்று, இல்லாவிட்டால் புகைந்திருக்கும்.

கடையில் ஏன் வரவில்லை? கடைவீதியில் வோல்டேஜ் நன்றாக இருந்தது, கடைக்குள் ஸ்டெபிலைசரும் இருந்தது, ஓட்டிப் பார்த்தது யூடியூப். பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்து, ஃபேன் சுற்றுகிறது, எஸ்எம்பிஎஸ் ஓகே என்று சொல்வதும் இதே ரகம். ஃபேன் சுற்ற இரண்டு வாட் போதும்.

எதையும் வாங்குமுன் காசில்லாமல் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஏஎம்டி மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டைக் குறைத்து, ஃபிரேம் ரேட்டை 60-இல் கட்டி, அதே மாலை நேரத்தில் அதே கேமை ஆட வேண்டும். ரீஸ்டார்ட் நின்றாலோ வெகுவாகக் குறைந்தாலோ கார்டு நல்ல கார்டு. பழி சுமக்க வேண்டியது எஸ்எம்பிஎஸ்ஸும் லைனும். இங்கே மூன்று நாள் மாலை ஒருமுறைகூட வரவில்லை.

கரண்ட் பக்கம் செய்தது

முதலில் வாங்கியது 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் (மின் சிக்கனத் தர முத்திரை) எஸ்எம்பிஎஸ். கடையில் வாட்டும் பிராண்டும்தான் பேசப்படும். டெல்டா கிராமத்துக்கு வாங்குகிறவர் கேட்க வேண்டியது மூன்றாவது ஒன்று: இன்புட் வோல்டேஜ். ஆக்டிவ் பிஎஃப்சி (உள்ளே இழுக்கும் கரண்டைச் சீராக்கும் சுற்று) உள்ளவற்றில் 100–240 என்று போட்டிருந்தால் 165 வோல்ட்டிலும் கலங்காமல் ஓடும். அதே பிரான்ஸ் முத்திரையோடு 200–240 என்று மட்டும் போட்ட மலிவு மாடல்களும் விற்கின்றன. அவையும் நல்ல பொருள்தான், ஆனால் திருச்சி நகரத்து ஃபிளாட்டுக்கு. பெட்டியின் படத்தைப் பார்க்காமல் எஸ்எம்பிஎஸ்ஸின் லேபிள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஆர்டர் போட வேண்டும். கூடவே +12 வோல்ட் 40 ஆம்பியருக்கு மேல் இருக்கிறதா, 6+2 பின் கனெக்டர் அசலாகவே வருகிறதா என்பதும்.

மாற்றுவது அரை மணி நேர வேலை. பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து மிச்சத்தை வடித்துவிட்டு, 24 பின், சிபியு பக்கத்து 4 பின், சாட்டா ஒயர்கள் என்று கழற்ற வேண்டும். புதியதில் சிபியு ஒயர் 4+4 என்று பிரியும். எச்81 போர்டுகள் பலவற்றுக்கு ஒரு பாதியே போதும், மறுபாதி சும்மா தொங்கலாம். கார்டுக்குரிய 6+2ஐச் சிபியு சாக்கெட்டில் அழுத்திப் பார்க்கக் கூடாது. இரண்டும் 8 பின் என்றாலும் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியவை. தள்ளாமலே இறங்கினால்தான் சரியான இடம்.

எர்த். கேபினட்டைத் தொட்டால் சுரீர் என்கிறது, செருப்புப் போட்டுக்கொண்டுதான் உட்காருகிறோம் என்பது இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு கேட்கும் பேச்சு. எர்த் இல்லாத பாயின்டில் எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் லைன் வோல்டேஜில் பாதியைக் கேபினட்டின்மேல் ஏற்றிவிடும். ஆம்பியர் மிகக் குறைவு, ஆளைக் கொல்லாது. ஆனால் ஹெச்டிஎம்ஐ, யுஎஸ்பி ஒயர்களைச் சொருகும்போது போர்டுகளை நோண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் அளந்தால் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் வருவதே வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே சில வோல்ட்டுக்குமேல் நிற்கக் கூடாது. இந்த வீட்டில் மெயின் பாக்ஸிலிருந்து போன எர்த் கம்பி மண்ணுக்குள் இற்றுப் போயிருந்தது. எலக்ட்ரீஷியனை வைத்துக் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டுப் புதிய எர்த் இறக்கப்பட்டது. கோடையில் அதற்கு வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். களிமண் வெடித்தால் எர்த்தும் போகும்.

அடுத்தது யுபிஎஸ்ஸா, இன்வெர்ட்டரா. டெல்டாவில் கஜா புயல் அடித்த 2018 நவம்பருக்குப் பிறகு இன்வெர்ட்டர் இல்லாத வீடு குறைவு. ஆனால் அதைக் கேமிங் கணினிக்கு நேராகக் கொடுப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோடு, சாதா மோடு என்று ஒரு சுவிட்ச் உண்டு. யுபிஎஸ் மோடில் மாறும் நேரம் குறைவு, கணினி அணையாது. ஆனால் லைன் 180 வோல்ட்டுக்குக் கீழே போனதும் கரண்ட் இல்லை என்று எடுத்துக்கொண்டு பேட்டரிக்குத் தாவிவிடும். மாலை முழுக்க 178 வரும் வீட்டில் கரண்ட் இருக்கும்போதே பேட்டரி தீர்ந்து, நிஜமான கட் வரும் நேரத்தில் கை விரிக்கும். சாதா மோடில் 100 வோல்ட் அளவுவரை பொறுத்துக்கொள்ளும். ஆனால் மாறும் நேரம் நீண்டு கணினி அணையும். ஆகவே இன்வெர்ட்டரைச் சாதா மோடில் விட்டு, கணினிக்கு மட்டும் தனியாக ஒரு லைன்-இன்டராக்டிவ் யுபிஎஸ் வைப்பதே இங்கே சரி. அதற்குள் இருக்கும் ஏவிஆர் (வோல்டேஜைச் சீராக்கும் பகுதி) லோ வோல்டேஜைத் தானே ஏற்றிக் கொடுக்கும், பேட்டரியைத் தொடாது. 140 அல்லது 145 வோல்ட்டிலிருந்து வேலை செய்யும் மாடலாகப் பார்க்க வேண்டும். இன்வெர்ட்டர் சைன் வேவ் ரகமாக இருந்தால்தான் இந்த ஜோடி ஒத்துப்போகும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டருக்குப் பின்னால் வைத்த யுபிஎஸ், வந்த கரண்டை நம்பாமல் கத்திக்கொண்டே இருக்கும்.

எல்லாக் கடையிலும் கிடைக்கும் 600 விஏ யுபிஎஸ் உண்மையில் 360 வாட். கேம் ஓடும்போது 300ஐத் தொடும் கணினிக்கும் மானிட்டருக்கும் அது மூச்சுமுட்டும். 1100 விஏ, 660 வாட் போட்டார்கள். பேட்டரி நேரத்தை நம்பி ஆடவே கூடாது. ஒரு 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரியில் இருப்பது 84 வாட்-அவர். 300 வாட்டில் சில நிமிடம்தான், ஆட்டத்தை விட்டு வெளியே வந்து ஷட்டவுன் செய்ய மட்டும்.

புயல், இடி நேரத்தில் இவற்றில் எதையும் நம்பாமல் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். ரவுட்டரிலிருந்து வரும் லேன் ஒயரையும் சேர்த்துத்தான். கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் 230 வர வேண்டிய இடத்தில் 400 பக்கம் வரும். அதைத் தாங்கும் ஸ்பைக் பஸ்டர் கிடையாது.

ரீஸ்டார்ட் நின்றது, லேக் நிற்கவில்லை

எஸ்எம்பிஎஸ்ஸும் யுபிஎஸ்ஸும் வந்த அன்றிலிருந்து 41 என்ற பதிவே இல்லை. ஆனால் கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கில் சண்டை வலுக்கும் இடத்தில் விக்கல், ஜிடிஏயில் வண்டி வேகமெடுத்தால் ரோடு தாமதமாக முளைப்பது, இவை அப்படியே இருந்தன. கேமுக்கு மேலேயே அளவுகளைக் காட்டும் ஓவர்லே ஒன்றை ஓடவிட்டுப் பார்த்தால் சிபியு 100 சதவீதம், கார்டு 50 முதல் 60, ராம் 7.6 ஜிபி, ஹார்டு டிஸ்க் 100. கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது. இந்த நிலையில் இன்னும் பெரிய கார்டு வாங்கிப் போட்டால் அது இன்னும் சௌகரியமாக உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். சராசரி ஃபிரேம் எண் மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. ஒரு சதவீத லோ (மிக மெதுவான ஒரு சதவீத ஃபிரேம்களின் வேகம்) என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். சராசரி 90 காட்டிக்கொண்டே லோ 25-இல் கிடக்கும். கண்ணுக்குத் தெரியும் விக்கல் அந்த 25.

இங்கே மூன்று வழி இருந்தது. பழைய போர்டிலேயே இன்னொரு 8 ஜிபி டிடிஆர்3, ஒரு சாட்டா எஸ்எஸ்டி போட்டுச் சமாளிப்பது முதல் வழி. செலவு மிகக் குறைவு, ராம் இரண்டு சேனலாகும், டிஸ்க் விக்கல் போகும். ஜிடிஏ 5 மட்டும் ஆடுகிற வீட்டுக்கு இதற்குமேல் ஒரு ரூபாயும் வேண்டாம். ஆனால் நாலு திரெட் நாலாகவே இருக்கும். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. நாலாம் தலைமுறை இன்டெல்லை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்காது, எட்டாம் தலைமுறையிலிருந்துதான். வாலரன்ட்டோ விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் (சரிபார்த்த மென்பொருளை மட்டும் எழவிடும் முறை) இரண்டும் இல்லாமல் திறக்காது.

இரண்டாம் வழி, போர்டை விட்டுக் கார்டை மட்டும் புதிதாக்குவது. எச்81 போர்டின் கார்டு ஸ்லாட் பிசிஐஇ 2.0. ஒரு லேனுக்கு (தரவு போகும் பாதைக்கு) நொடிக்கு 500 எம்பி. 16 லேனில் 8 ஜிபி போகும் என்பதால் ஆர்எக்ஸ் 580-க்குப் பெரிய குறையில்லை. ஆனால் விலை குறைவு என்று பலர் எடுக்கும் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நாலே லேனில் ஓடுவது. அதுவும் 4 ஜிபி மெமரி. இந்த ஸ்லாட்டில் அதற்கு நொடிக்கு 2 ஜிபிதான் கிடைக்கும், மெமரி நிரம்பிய கணமே தள்ளாடும். இன்டெல் ஆர்க் கார்டுகளும் ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் சிபியு ஒரே வீச்சில் எட்டும் வசதி) இல்லாத பழைய போர்டில் வேகம் இழந்துவிடும்.

மூன்றாம் வழி, கார்டை வைத்துக்கொண்டு போர்டு, சிபியு, ராம் மூன்றையும் மாற்றுவது. கார்டுதான் கெட்டது என்று நம்பியிருந்தால் இந்தப் பணம் கார்டுக்குப் போயிருக்கும். மேலே வாங்கிய எஸ்எம்பிஎஸ் புதிய போர்டுக்கும் அப்படியே வரும். எஸ்எஸ்டியும்தான். எது அடுத்த பெட்டிக்கும் கூட வருமோ அதை முதலில் வாங்குவது என்ற வரிசை இங்கே தற்செயலாகவே அமைந்துவிட்டது. (கேமிங் லேப்டாப் வாங்கினால் கரண்ட் தொல்லையே இல்லை என்பார்கள். மே மாதத்தில் நாற்பது டிகிரி அறையில், தகரக் கூரைக்குக் கீழே அதில் ஒரு மணி நேரம் ஆடிப் பார்த்தால் எண்ணம் மாறும்.)

சிபியு: ஐ5-12400, எஃப் இல்லாதது

ரைசன் 5 5600-ஆ, ஐ5-12400எஃப்-ஆ என்றுதான் விவாதம் நடக்கும். இரண்டும் 2022-இல் வந்தவை, இரண்டும் 6 கோர் 12 திரெட், கேமில் பெரிய வித்தியாசமில்லை. இரண்டுக்கும் உள் கிராபிக்ஸ் கிடையாது. இந்த வீட்டுக்கு எடுத்தது இரண்டுமில்லை. எஃப் என்ற எழுத்து இல்லாத சாதா ஐ5-12400. கொஞ்சம் கூடுதல் விலைக்கு உள்ளே யுஎச்டி 730 கிராபிக்ஸ் வருகிறது. இதில் பெரிய கேம் ஆட முடியாது. ஆனால் கார்டு பழைய கார்டு. ஒருநாள் படுத்தால் சர்வீசுக்குச் சென்னைக்கோ கோவைக்கோ பார்சல் போட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதுவரை கணினி ஊமையாகக் கிடக்கக் கூடாது. கோளாறு கார்டிலா போர்டிலா என்று வீட்டிலேயே பிரித்துப் பார்க்கவும் இது உதவும். அது உடனே நிரூபணமானது, கீழே வருகிறது.

போர்டு எச்610, டிடிஆர்4 வகை. ராம் 8 ஜிபி இரண்டு, 3200. பழைய டிடிஆர்3 இதில் சேராது: அது 240 பின், 1.5 வோல்ட், இது 288 பின், 1.2 வோல்ட், நடுவில் வெட்டு இருக்கும் இடமும் வேறு. 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. கேபினட், ஹார்டு டிஸ்க், மானிட்டர், கார்டு பழையவை. 2025 நடுவில் வாங்கியதால் எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ் உட்பட எல்லாம் நாற்பதாயிரத்துக்குள் அடங்கிற்று. அதில் கால் பங்குக்குமேல் கரண்ட் சம்பந்தப்பட்டதுக்கே போனது. அதே வருடக் கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்களின் வாங்கலால் ராம் விலை கிடுகிடுவென ஏறியது. இப்போது இதே கணக்கைப் போடுகிறவர்கள் ராமின் விலையை முதலில் கேட்டுவிட்டு மற்றதை முடிவு செய்வது நல்லது.

மாற்றும் நாள்

பழைய கணினியை அணைக்குமுன் மூன்று வேலை. ஸ்டீம்லைப்ரரி ஃபோல்டரை ஹார்டு டிஸ்க்கிலேயே விட்டு வைப்பது. ஜிடிஏ மட்டும் நூறு ஜிபிக்கு மேல், கிராமத்து இன்டர்நெட்டில் அதை மறுபடி இறக்க எத்தனை ராத்திரி ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. புதிய விண்டோஸில் ஸ்டீம் போட்டு அந்த ஃபோல்டரைக் காட்டினால் எடுத்துக்கொள்ளும். இரண்டு, 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸ் 11 இன்ஸ்டாலர். மூன்று, விண்டோஸ் லைசென்ஸ். கணினியோடு வந்த ஓஇஎம் லைசென்ஸ் பழைய மதர்போர்டோடு கட்டுப்பட்டது, புதியதற்கு வராது. தனியாக வாங்கிய ரீடெய்ல் கீ வரும்.

பழைய போர்டைக் கழற்றியதும் கேபினட் தகட்டில் நிற்கும் பித்தளைக் காலாணிகளைப் புதிய போர்டின் துளைகளோடு ஒப்பிட வேண்டும். துளையில்லாத இடத்தில் ஒன்று நின்றாலும் போர்டின் முதுகில் முட்டி ஷார்ட் ஆகும். பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் அரைச் சுற்றுச் சுற்றி நிற்கும். சிபியுவை வைக்கும்போது முக்கோணக் குறியைப் பார்த்து வைத்து லீவரை இறக்கினால் போதும். லீவர் கொஞ்சம் முரண்டு பிடிப்பது இயல்பு, கறுப்பு மூடி தானாகத் தெறித்து வரும். பெட்டியோடு வரும் கூலரில் சூடு கடத்தும் பேஸ்ட் ஏற்கெனவே பூசியிருக்கும். மேலே வேறு பூசக் கூடாது. நாலு பிளாஸ்டிக் காலையும் குறுக்காக, எதிரெதிர் ஜோடியாக அழுத்த வேண்டும். நாலும் 'டக்' என்றிருக்க வேண்டும். ஒன்று சரியாக இறங்காவிட்டால் விண்டோஸ் வருமுன்பே 95 டிகிரி. சிபியு டூப்ளிகேட் என்று கடைக்கு ஓடுகிறவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். போர்டை நிமிர்த்தி முதுகுப்பக்கம் நாலு கால்களும் விரிந்து நிற்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் கேபினட்டில் வைக்க வேண்டும்.

முதல் தடவை ஆன் செய்யும்போது கிராபிக்ஸ் கார்டும் வேண்டாம், ஹார்டு டிஸ்க்கும் வேண்டாம். எச்610 போர்டுகள் பலவற்றில் இன்னும் விஜிஏ சாக்கெட் உண்டு. பழைய மானிட்டரை அதில் நேராகச் சொருகலாம். பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் போர்டின் மென்பொருள்) எக்ஸ்எம்பி என்ற ராம் வேக அமைப்பு ஆன்; இல்லாவிட்டால் 3200 ராம் 2133-இலோ 2666-இலோ ஓடிக்கொண்டிருக்கும். பிடிடி என்ற பெயரில் இருக்கும் டிபிஎம் ஆன், செக்யூர் பூட் ஆன். ஹார்டு டிஸ்க்கின் சாட்டா ஒயரைக் கழற்றி வைப்பதற்குக் காரணம் உண்டு: இரண்டு டிஸ்க் இருந்தால் விண்டோஸ் சில சமயம் பூட் ஃபைல்களைப் பழைய டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கும். பிறகு அந்த டிஸ்க் செத்தால் எஸ்எஸ்டி நன்றாக இருந்தும் கணினி எழாது.

மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் நுழைந்து விண்டோஸ் 11 போட்டால் டிஸ்க் தானாகவே பூட்டிக்கொள்ளலாம். அதன் ரெக்கவரி கீயை ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். பின்னால் பயாஸ் அப்டேட் செய்த அன்று அது கேட்கும்.

விண்டோஸ் முடிந்து கார்டைச் சொருகியதும் திரை இருண்டது. கார்டின் ஃபேன் சுற்றுகிறது, படம் இல்லை. "சொன்னேன்ல, கார்டுதான்" என்ற பேச்சு மறுபடி கிளம்பிய இடம் இது. கார்டைக் கழற்றினால் உள் கிராபிக்ஸில் எல்லாம் ஒழுங்காக வருகிறது. ஆகவே போர்டு, ராம், சிபியு குற்றமற்றவை. பழைய ஆர்எக்ஸ் 580களில் பல கிரிப்டோ மைனிங்கில் உழைத்துவிட்டு வந்தவை. மைனிங்குக்காகக் கார்டின் பயாஸைத் திருத்தியிருப்பார்கள். பழைய போர்டின் லெகஸி முறை அதைக் கண்டுகொள்ளாது. புதிய போர்டு முழுக்க யுஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறை, செக்யூர் பூட். கையெழுத்து ஒத்துப்போகாத பயாஸை வாசலிலேயே நிறுத்திவிடும். இந்த மாடலில் கார்டின் விளிம்பில் இரண்டு பயாஸுக்கான சின்ன சுவிட்ச் இருந்தது. கரண்டைத் துண்டித்து அதை மறுபக்கம் தள்ளியதும் படம் வந்தது. அப்படிச் சுவிட்ச் இல்லாத கார்டு என்றால், உள் கிராபிக்ஸில் ஏறிக்கொண்டு அதே மாடலின் அசல் பயாஸை எழுத வேண்டும். மெமரி சிப் சாம்சங்கா, ஹைனிக்ஸா, மைக்ரானா என்று பார்த்து அதற்குரியதையே எழுத வேண்டும். மாறினால் திரை முழுக்கப் புள்ளி பூக்கும்.

பழைய ஆர்எக்ஸ் 580 வாங்குகிறவர்கள் ஜிபியு-இசட் என்ற சின்ன மென்பொருளைக் கடையிலேயே ஓட்டி ஷேடர் (கார்டுக்குள் கணக்குப் போடும் கூறுகள்) எண்ணைப் பார்க்கட்டும். அசல் 580-க்கு 2304. 2048 என்று வந்தால் அது அதே பெயரில் விற்கும் குறைந்த ரகம், விலையும் அதற்கேற்பக் குறைய வேண்டும். எதிர்காலம் பற்றி ஏமாற்றிக்கொள்ளவும் வேண்டாம்: ரே டிரேசிங் (ஒளிக்கதிரைக் கணக்கிட்டுப் படம் வரையும் முறை) கட்டாயம் என்று வரும் புதிய கேம்கள் இந்தக் கார்டில் திறக்கவே திறக்காது. கார்டின் முறை வரும்போது இந்த எஸ்எம்பிஎஸ்ஸில் ஆர்எக்ஸ் 6600 போன்ற 132 வாட் கார்டு தாராளமாக ஓடும்.

கார்டில் விஜிஏ கிடையாது. 580-இன் டிவிஐ சாக்கெட்டும் டிஜிட்டல் மட்டுமே, பின் மாற்றும் மலிவு அடாப்டர் வேலை செய்யாது. ஹெச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும், உள்ளே சிப் உள்ள கன்வெர்ட்டர் வேண்டும். ஒயரைக் கார்டின் பின்பக்கத்தில்தான் சொருக வேண்டும். போர்டின் சாக்கெட்டில் சொருகிவிட்டு, புதுசு போட்டும் ஸ்பீடு இல்லையே என்று கேட்பது ரொம்பச் சாதாரணம்.

மாற்றத்துக்குப் பிறகு அதே ஓவர்லேயில் கார்டு 95 சதவீதத்துக்குமேல் உழைக்கிறது, சிபியு பாதியில் நிற்கிறது, விக்கல் போயிற்று. மானிட்டர் இன்னும் 60 ஹெர்ட்ஸ், 768 வரிசை. அடுத்த செலவு அதற்கே, 1080பி, 100 ஹெர்ட்ஸ்.

தூசி, பல்லி, மீதிப் பொருள்கள்

சம்பா அறுவடை நடக்கும் தை, மாசியில் இந்தப் பகுதியின் காற்றில் வைக்கோல் தூசி மிதக்கும். ரைஸ் மில் பக்கத்து வீடு என்றால் வருடம் முழுக்க உமித்தூள். முன்பக்கம் 120 மிமீ ஃபேன் ஒன்று உள்ளே இழுக்க, பின்பக்கம் ஒன்று வெளியே தள்ள. முன்பக்கத்தில் நைலான் கொசுவலையை வெட்டி ஒட்டினால் நல்ல ஃபில்டர்தான். வாரம் ஒருமுறை தட்டாவிட்டால் அதுவே ஃபேனின் வாயைக் கட்டிவிடும். புளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். கேபினட்டின் பின்னால் தகடு இல்லாமல் திறந்து கிடக்கும் ஸ்லாட்டுகளை மூட வேண்டும். சூடான எஸ்எம்பிஎஸ்ஸைத் தேடி மழைக்காலத்தில் பல்லி அதன் வழியாகத்தான் போகும், போனது இரண்டு முனைக்கு நடுவே உட்கார்ந்து கருகும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் ராமின் முனைகளும் யுஎஸ்பி சாக்கெட்டுகளும் பச்சை பூக்கும். அங்கே மாதக்கணக்கில் அணைத்தே வைத்திருப்பதைவிட தினம் கொஞ்ச நேரம் ஓடவிடுவது நல்லது.

கழற்றிய ஐ5-4590, எச்81, 8 ஜிபி டிடிஆர்3 மூன்றும் நல்ல நிலையில் இருக்கின்றன. மலிவு எஸ்எஸ்டி ஒன்றும் லினக்ஸும் போட்டால் தங்கை படிக்கப் போதும். கார்டில்லாமல் அது நூறு வாட்டைத் தாண்டாது. புதிதாக ஒரு சின்ன எஸ்எம்பிஎஸ் மட்டும் வாங்க வேண்டும். பழைய "450 வாட்"டை அதற்குக்கூடப் போடக் கூடாது. மோலெக்ஸ் ஒயர் பழுத்த எஸ்எம்பிஎஸ் உள்ளேயும் பழுத்திருக்கும். யாரும் எடுத்துச் சொருகிவிடாதபடி அதன் 24 பின் ஒயரை வெட்டிவிட்டுத்தான் காயலான் கடைக்குப் போட வேண்டும்.